மதார் மாட்டிய லாக்குகள்

1997ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, வாலிநோக்கத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் சைக்கிள் கடை வைத்திருந்த மதார், சோணைமுத்துவின் சைக்கிள் செயினுக்கு ஒரு லாக் மாட்டினார். எட்டரைக்குச் சோணைமுத்துவின் இடது கால் உப்பு லாரியின் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது.

சோணைமுத்து மீன்காரர். விடியற்காலையில் வாலிநோக்கம் கரையில் மீன் எடுத்து, பின்சீட்டில் பெட்டி கட்டி, உள்ளே வடக்குப் பக்கத்து ஊர்களுக்குப் போய் விற்றுவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார். அன்று செயின் தொய்ந்துபோய் இரண்டு தடவை நழுவியது என்று கடையில் நிறுத்தினார். பின்சக்கரத்தை இதற்குமேல் இழுத்துக் கட்ட இடமில்லை. மதார் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு, முனைகளைச் சேர்த்துப் புது லாக் போட்டார். பத்து நிமிஷ வேலை.

"காத்து எதுக்கால அடிக்குது பாய். இன்னைக்கு ஏறி மிதிச்சாத்தான் வண்டி நகரும்" என்றார் சோணைமுத்து.

"தாராளமா மிதி. செயினு இரும்பு மாதிரி நிக்கும்" என்றார் மதார்.

செய்தியைக் கொண்டுவந்தது பஸ். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "மீன்காரரு லாரியில மாட்டிக்கிட்டாரு" என்று கத்தினார். மதார் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே ஓடினார். ஒரு மைல் தள்ளி ஓடைப் பாலத்தின் ஏற்றத்தில் கூட்டம் நின்றது. அதற்குள் சோணைமுத்துவை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரோட்டில் சாளை மீனும் ஐஸும் சிதறிக் கிடந்தன. ஐஸ் சிவப்பாக உருகிக்கொண்டிருந்தது. மதார் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

பார்த்தவர்கள் சொன்னது இதுதான். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தார். திடீரென்று பெடல் சும்மா சுற்றியது. கால் காற்றில் போய், பெட்டியின் பாரம் இழுக்க, ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்தார். பின்னால் வந்த லாரி பிரேக் போட்டும் நிற்கவில்லை. ஊரெல்லாம் லாரிக்காரனைத்தான் ஏசியது. மதாரும் ஏசினார். நான்காம் நாள், மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது, பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நெடுநேரம் எழுந்திருக்காமல் இருந்தார்.

மூன்று வாரம் கழித்து சோணைமுத்துவின் மனைவி பிச்சையம்மாள் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தாள். செயினைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"இதைச் சரி பண்ணிக் குடுங்க பாய். இனிமே மீனு நான்தான் கொண்டு போகணும்."

"நீயா? உனக்கு ஓட்டத் தெரியுமா தாயி?"

"எழுதப் படிக்கச் சொல்லிக்குடுக்க அறிவொளிக்காரங்க வந்தப்ப எங்க தெருவுல எல்லாரும் சைக்கிளும் பழகுனோம். பெட்டி கட்டித்தான் ஓட்டுனதில்ல. பழகிக்கிருவேன்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மதார் செயினைக் கையில் எடுத்துப் பார்த்தார். அறுந்த செயின் இல்லை அது. எல்லாக் கண்ணியும் நல்லபடியாக இருந்தன. இரண்டு முனைகளையும் சேர்க்கிற அந்த லாக்தான் இல்லை. போட்டு அரை மணி நேரத்துக்குள் லாக் எப்படிக் கழன்றது? வளைந்திருந்த செயின் கவர் உரசியிருக்கும் என்று நினைத்தார். கவரின் உட்பக்கத்தில் புதுக் கீறலும் இருந்தது. ஆனாலும் மனசு சமாதானமாகவில்லை. உரசினால் தேயும். கழலுமா?

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி நிறுத்தினார். செயினை மாட்டி, லாக்கின் இரண்டு ஊசிகளையும் செருகி, தகட்டைப் பொருத்தி, அதன்மேல் கிளிப்பை வைத்துக் குறட்டால் அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தக் கிளிப் ஒரு சின்ன மீன் போல இருக்கும். ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை மீன் வாலைப் போலப் பிளந்திருக்கும். மூடின முனை ஹேண்டில்பாரைப் பார்க்க வேண்டும் என்பது மதாருக்குச் சொல்லித்தந்த பாடம். ராமநாதபுரத்தில் வேலை பழகிய காலத்திலிருந்து அதை அவர் மாற்றியதே இல்லை.

சைக்கிளை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டார். எண்ணெய்க் குப்பியை எடுத்து, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட்டார். லாக் கீழேயிருந்து சுற்றிக்கொண்டு மேலே வந்தது. மதாரின் கை நின்றது.

மூடின முனை பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிளந்த முனை ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தப்பாக மாட்டிவிட்டோம் என்று நினைத்தார். மறுபடி கவிழ்த்தார். கவிழ்த்துப் பார்த்தால் சரியாக இருந்தது. நிமிர்த்தினார். தப்பாக இருந்தது. இன்னொரு தடவை கவிழ்த்தார். பிச்சையம்மாள், "என்ன பாய், செயினு சேரலையா?" என்று கேட்டாள். அவர் காதில் விழவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ராமநாதபுரம் கடையில் உத்தரத்திலிருந்து கயிறு கட்டிச் சைக்கிளை நேராகத் தொங்கவிட்டு வேலை பார்ப்பார்கள். அவர் 1976இல் விலக்கில் போட்டதோ ஓலைக் கொட்டகை. உத்தரம் தாங்காது. அதனால் கவிழ்த்து வேலை பார்த்தார். பாடம் அதேதான், வண்டிதான் தலைகீழ். கவிழ்ந்த வண்டியில் மேலே தெரிகிற செயின், நிமிர்த்தினால் கீழே போய்விடும். கீழ்ச்செயின் பின்னோக்கி ஓடும். பிளந்த வாய் முந்திக்கொண்டு போகும். எதிலாவது தட்டினால், அந்தத் தட்டே கிளிப்பைப் பிடுங்கிவிடும்.

இருபத்தோரு வருஷம்.

கடை முன்னால் நாலு சைக்கிள் நின்றன. மதார் ஒவ்வொன்றிடமும் போய்க் குனிந்து பெடலைச் சுற்றினார். நாலும் அவர் மாட்டியவை. நாலிலும் வாய் முன்னால். எத்தனை பேர் வந்து, "பாய், லாக்கு விழுந்திருச்சு" என்றிருக்கிறார்கள்! ஒவ்வொருவரிடமும், "உப்புக்காத்துல எதுதான் நிக்கும்?" என்று சொல்லி இன்னொன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார். அதையும் இதே மாதிரி.

திரும்பி வந்து பிச்சையம்மாளின் சைக்கிளில் கிளிப்பைக் கழற்றி, திருப்பி மாட்டினார். கிளிப் ஒரு தடவை மண்ணில் விழுந்தது. அவளே குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"உடம்புக்கு முடியலையா பாய்? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு."

சொல்லவேண்டிய நேரம் அதுதான். அவர் சைக்கிளை அவள் பக்கம் திருப்பி நிறுத்தினார். அவள் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ஏறி, தள்ளாடித் தள்ளாடி ரோட்டில் போனாள்.

அன்று கடையைப் பகலிலேயே சாத்திவிட்டு ஏர்வாடியிலிருந்த வீட்டுக்குப் போனார். மனைவி நஸீரா சோறு போட்டாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்கு லாக்கும் புரியவில்லை, வாயும் புரியவில்லை. ஆனால் கடைசியில் சொன்னது புரிந்தது.

"அப்ப அந்த மனுசன் காலு போனது..."

"நான் மாட்டுனதால."

நஸீரா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்குத் தெரியும் மச்சான்? அல்லாவுக்கும் உங்களுக்கும்தானே தெரியும். இதை வெளியில சொன்னா நாளைக்கு ஒரு மனுசரு கடைக்கு வருவாகளா? ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சிருக்கோம்" என்றாள்.

"நஸீரா, இன்னும் எத்தனை வண்டி அப்படி ஓடிக்கிட்டு இருக்கோ!"

நஸீரா ஆறிப்போன சோற்றை எடுத்து மூடி வைத்தாள்.

மறுநாள் காலையில் மதார் கடையைத் திறக்கவில்லை. குறடு, ஒரு டப்பா நிறையப் புது லாக்குகள், எண்ணெய்க் குப்பி, இவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு தம் சைக்கிளில் கிளம்பினார். ஏறுவதற்கு முன் தம் வண்டிச் செயினைச் சுற்றிப் பார்த்தார். வாய் முன்னால்தான் இருந்தது. வாசலில் உட்கார்ந்து அதை முதலில் திருப்பினார்.

வீடு வீடாகப் போனார். டீக்கடை வாசலில், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில், கோவில் பக்கத்தில், எங்கே சைக்கிள் நின்றாலும் குனிந்தார். கேட்டவர்களிடம் ஒளிக்கவில்லை. "நான் லாக்கைத் திருப்பி மாட்டியிருக்கேன். தப்பு என்னோடது. சரி பண்ணித் தாரேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். "இத்தனை வருசமா ஓடுது, இனியா விழப்போகுது?" என்றார்கள். குருநாதன் என்ற விவசாயி சிரிக்கவில்லை. போன வருஷம் மகள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது செயின் கழன்று இரண்டு பேரும் விழுந்ததில், பிள்ளைக்கு முன்பல் இரண்டு போயிருந்தது. அதைச் சொல்லிவிட்டு மதாரை மேலும் கீழும் பார்த்தார்.

"விழுந்த அன்னைக்கே உங்க கிட்டத்தானே வந்தேன். உப்புக்காத்துன்னு சொன்னீக."

"சொன்னேன்."

"என் கண்ணு முன்னால நிக்காதீக. போயிருங்க."

வண்டியைத் தொடவே விடவில்லை. மதார் தெருமுனைவரை போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். செயின் கழன்றது தெரியும், பல் போன பிள்ளையைப் பற்றி அதுவரை அவருக்குத் தெரியாது. அடிபட்டது சோணைமுத்து ஒருவர்தான் என்று நினைத்திருந்தார். அந்த நினைப்பும் அன்றோடு போயிற்று.

ஆறாம் நாள் வாலிநோக்கம் உப்பளத்துக்குப் போனார். அங்கேதான் நிறைய வேலை இருக்கும் என்று பயந்துகொண்டே போனார். உப்பளத்து வண்டிகள் எல்லாமே அவரிடம் வருகிறவைதான். உப்புத் தண்ணீர் பட்டுப்பட்டுச் செயின் துருவேறி, வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டிவரும். கொட்டகை நிழலில் முப்பது, முப்பத்தைந்து சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. மதார் முதல் வண்டியில் பெடலைச் சுற்றினார். வாய் பின்னால் இருந்தது. சரி. இரண்டாவதைச் சுற்றினார். சரி. மூன்றாவது, நாலாவது, பத்தாவது, எல்லாமே சரியாக இருந்தன.

தமக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா, நிமிர்ந்ததும் கவிழ்ந்ததும் தெரியாமல் போய்விட்டதா என்று பயந்தார். தம் சைக்கிளை அந்த வரிசையின் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்தார். சந்தேகமே இல்லை. யாரோ ஒருவர் இத்தனை வண்டியிலும் அவர் மாட்டியதைத் திருப்பி மாட்டியிருக்கிறார்.

தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் உப்புக் கூடையை இறக்கிவிட்டு வந்தாள். கணுக்காலிலிருந்து பாதம்வரை உப்பு அரித்து வெளுத்திருந்தது.

"யாரு, மதார் பாயா? இங்கன என்ன பண்ணுறீக?"

"இந்த வண்டிக்கெல்லாம் செயினு வேலை பாக்குறது யாரு தாயி?"

"நான்தான். உலகம்மா. ஞாயித்துக்கெழம வேலை இல்ல. எல்லாத்தையும் கழட்டி மண்ணெண்ணெயில கழுவித் தொடச்சு எண்ணெ போட்டு மாட்டுவேன். கழுவலைன்னா உப்பு தின்னுப்புடும்ல."

"லாக்கைத் திருப்பி மாட்டியிருக்கியே?"

"ஆமா. நீங்க மாட்டுறது வாய் முன்னால நிக்கும். அதுதான் அடிக்கடி தெறிச்சு விழுந்துச்சு. எங்க மச்சினன் வண்டி ராமநாதபுரத்துல மாட்டுனது. அது வாய் பின்னால. அது ஒருக்காவும் விழல. அதப் பார்த்துத்தான் எல்லாத்தையும் திருப்பி மாட்டுனேன்."

மதார் சைக்கிள் வரிசையை இன்னொரு தடவை பார்த்தார்.

"எத்தனை வருசமா?"

"நாலு வருசம் இருக்கும்."

"நாலு வருசமாத் தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே உலகம்மா?"

அவள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். அவரை நேராகப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தாள்.

"சொன்னேனே பாய். உங்க கடைக்கு நடந்து வந்து சொன்னேனே. ஞாபகம் இல்லையா?"

"எங்கிட்டயா?"

"உங்ககிட்டத்தான். நாலஞ்சு ஆம்பளைக உக்காந்திருந்தாக. லாக்கைக் கையில வச்சுக்கிட்டு, 'பாய், இதை இப்படி மாட்டுனா விழ மாட்டேங்குது' ன்னேன். நீங்க அவுகளப் பார்த்துச் சிரிச்சீக. 'உப்பு அள்ளுறவளெல்லாம் எனக்கு வேலை சொல்ல வந்துட்டா, போயி உப்பை அள்ளு தாயி' ன்னீக. எல்லாரும் சிரிச்சாக. நான் வந்துட்டேன்."

மதாருக்கு அது ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவரைப் போட்டு அறைந்தது. ஒரு மனுஷி மூன்று மைல் நடந்து வந்து சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மறந்தும்போயிருக்கிறார். அன்று அவள் கையிலிருந்த லாக்கை வாங்கி ஒரே ஒரு தடவை பெடலைச் சுற்றிப் பார்த்திருந்தால் சோணைமுத்து இன்றைக்கு இரண்டு காலோடு மீன் விற்றுக்கொண்டிருப்பார். குருநாதன் மகளுக்குப் பல் இருக்கும். 'யா ரப்பே' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

"என்ன பாய், உக்காருங்க. தண்ணி குடிக்கிறீகளா?"

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பையிலிருந்த குறடு கனத்தது. அந்த இடத்தில் அவருக்கு வேலை எதுவும் இல்லை.

மறுநாளே சோணைமுத்துவின் வீட்டுக்குப் போனார். சோணைமுத்து கட்டிலில் சாய்ந்திருந்தார். வேட்டி முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது. பிச்சையம்மாள் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மதார் உட்காராமல், நின்றபடியே சொன்னார். லாக்கை எப்படி மாட்டினார், எப்படி மாட்டியிருக்க வேண்டும், எப்போது தெரிந்தது, உலகம்மாள் என்ன சொன்னாள், தாம் என்ன சொன்னார், எதையும் விடவில்லை.

சோணைமுத்து கேட்டுக்கொண்டே இருந்தார். நம்பாதவர் போலப் புருவத்தைச் சுருக்கினார்.

"லாரிக்காரனைத்தானே பாய் நான் இம்புட்டு நாளும் சபிச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிச்சையம்மாள் ஈரக் கையோடு எழுந்து வந்தாள்.

"நான் வண்டி கொண்டு வந்தேனே, அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். என் கண்ணு முன்னாடி திருப்பி மாட்டுனீக. உடம்புக்கு முடியலையான்னு உங்களப் போயிக் கேட்டேனே!"

"தப்புதான் தாயி."

"போங்க பாய்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று மதார் பல வருஷம் கழித்துக்கூட நஸீராவிடம் சொல்வார்.

நஸீரா பயந்தது பாதி நடந்தது. ஒரு வருஷம்போலக் கடைக்கு ஆள் குறைந்தது. மதார் கொட்டகைக்கு நடுவில் இரண்டு கல்தூண் நட்டு மேலே ஒரு இரும்புக் குழாயைப் போட்டு, சைக்கிளை நேராகத் தொங்கவிட்டுத்தான் அதன்பிறகு செயின் வேலை பார்த்தார். ஒவ்வொரு லாக்கையும் மாட்டிவிட்டு, வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "நீங்களே ஒருக்காப் பார்த்துக்கிருங்க" என்று காட்டினார். யாராவது, இது என்ன பாய் வேடிக்கை என்று கேட்டால், நடந்ததைச் சொல்லிவிடுவார். உலகம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டார். "அட விடுங்க பாய், நான் அன்னைக்கே மறந்துட்டேன்" என்றாள். அவள் மறக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். வருகிறவர்களிடம், "செயினைக் கழுவிப் போடணும்னா ஞாயித்துக்கெழம உலகம்மாகிட்டக் கொண்டு போங்க. என்னைவிட நல்லாச் செய்யும்" என்பார். முதலில் ஆண்கள் சிரித்தார்கள். பிறகு போனார்கள்.

சோணைமுத்து செயற்கைக் கால் வைத்து நடக்கப் பழகி, கரையிலேயே மீன் ஏலம் கூறும் வேலைக்குப் போனார். எதிரே பார்த்தால் மதாருக்குத் தலையசைப்பார். பேச்சு இல்லை. குருநாதன் அந்தக் கடைப் பக்கமே வரவில்லை.

பிச்சையம்மாள் ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் பஞ்சரான டியூபோடு வந்தாள். விலக்கில் வேறு கடை இல்லை. வண்டியை நிறுத்தியதும் முதல் வார்த்தையாக, "செயினைத் தொடாதீக" என்றாள். மதார் தொடவில்லை. டியூப், டயர், பிரேக் கட்டை எல்லாவற்றையும் அவரிடம்தான் மாற்றினாள். செயினை மட்டும் அவளே பார்த்துக்கொண்டாள். உலகம்மாளிடம் கேட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். எட்டு வருஷத்துக்கு மேல் அந்த வண்டி அவர் கடைக்கு வந்துபோனது. அத்தனை வருஷமும் அந்தச் செயினில் அவர் விரல் படவில்லை.

2007இல் ஒரு ஐப்பசிக் காலையில், மழை தூறிக்கொண்டிருக்கும்போது, அவள் மீன் பெட்டியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். செயின் கழன்று தொங்கியது. பழைய லாக் தேய்ந்து ஒடிந்திருந்தது.

"ஒரு லாக்கு குடுங்க பாய்."

மதார் டப்பாவை நீட்டினார். பெட்டி கட்டிய வண்டியைக் குழாயில் தொங்கவிட முடியாது. பாரத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் ஹேண்டில்பாரையும் சீட்டையும் இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முனைகளைச் சேர்த்து, ஊசியைச் செருகி, தகட்டை வைத்து, கிளிப்பைக் குறட்டால் அழுத்தினாள். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினாள். லாக் மேலே வந்து நின்றது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சரியா இருக்கா?"

மதார் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"சரியா இருக்கும்மா."

அவள் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டாள்.

"பின் டயரும் தேஞ்சுபோச்சு. அடுத்த வாரம் மாத்தணும். புது டயரு இருக்கா?"

"வரவழச்சு வைக்கிறேன்" என்றார் மதார்.